மொசார்ட் கே. 465: சுருதி சேரவில்லையா, வாசிப்பே அப்படியா?

காரைக்குடி வீணை:
வணக்கம். எனக்கு வீணை தெரியும், மேற்கத்திய இசை புதிது. மொசார்ட்டின் கே. 465 குவார்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பது; கே. எண் அவர் படைப்புப் பட்டியலில் உள்ளது) ஒரு பழைய பதிவில்தான் கேட்டுப் பழகியிருந்தேன். எல்லா ஸ்வரமும் மெல்ல அதிர்ந்து, மெத்தென்று இருக்கும். போன வாரம் மொசாயீக் குவார்டெட்டின் பதிவு கிடைத்தது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். தொடக்கமே கூர்மையாகக் குத்தியது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து, "என்னப்பா, சுருதி கூட்டாமலே ஆரம்பிச்சுட்டாங்க?" என்றார். எல்லாமே தாளில் எழுதியிருக்கும் இசை இது. அப்படியிருக்க இவர்கள் எதை மாற்றினார்கள்?

தேவகோட்டை வயலின்:
அப்பத்தா காது நல்ல காது தம்பி. ஸ்வரம் எதுவும் மாறவில்லை. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குரலான செல்லோ ஷட்ஜத்தை விடாமல் தட்டுகிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா சுத்த தைவதத்தில் வருகிறது, அப்புறம் இரண்டாம் வயலின் சாதாரண காந்தாரத்தில். வியோலா பஞ்சமத்துக்கு இறங்கும்போதே முதல் வயலின் மேலே, அரை ஸ்வரம் கூடிய சதுஸ்ருதி தைவதத்தில் நுழைகிறது. ஒரு தைவதம் காதை விட்டுப் போவதற்குள் இன்னொன்று! நம் பாஷாங்க ராகத்தில் தாய் ராகத்தில் இல்லாத அன்னிய ஸ்வரம் வந்தால்கூட ஒரு பிடிக்குள் பதவிசாகத்தான் வரும். அப்பத்தாவை நிமிர வைத்தது இதுதான்.

விரலை அசைத்துக்கொண்டே வாசித்தால் இந்த இரண்டு தைவதமும் ஓரம் மழுங்கிவிடும். மொசாயீக் குழுவினர் குடல் நரம்புத் தந்தி கட்டி, அசைவை அளந்து போடுகிறார்கள். மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756-ல் எழுதிய வயலின் பாடநூலிலேயே, எல்லா ஸ்வரத்தையும் நடுங்க வைப்பவர்களை நடுக்குவாதம் வந்தவர்களோடு ஒப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். நமக்கு இது புரியாத விஷயமா? கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது, எங்கே, எவ்வளவு என்பதில்தானே பாணியே இருக்கிறது. வில்லை எவ்வளவு அழுத்துவது, ஸ்வரத்தை எங்கே விடுவது, இதெல்லாம் தாளில் இருக்காது. புதுமைக்கு இடம் அங்கேதான்.

கானாடுகாத்தான்:
ஒரு சின்ன விஷயம். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்று முட்டைச்சாந்துச் சுவர், இரண்டும் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். எங்கள் வீட்டில் செல்லோ மட்டும்தான் கேட்கும், வியோலா காணாமல் போய்விடும். ஸ்பீக்கருக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து, கிட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

காரைக்குடி வீணை:
அண்ணே, ஜமக்காளம் விரித்துக் கேட்டேன். வியோலா அரை ஸ்வரம் இறங்குவது இப்போது தனியாகத் தெரிகிறது. வீணையில் அந்த இரண்டு தைவதத்தையும் அடுத்தடுத்த மெட்டில் மீட்டிப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. 22 தாளக்கட்டு இப்படி இருளில் நடந்துவிட்டு, அலெக்ரோ என்ற வேகமான பகுதி சி மேஜரில் (சி-யை ஆதாரமாகக் கொண்ட தெளிந்த ஸ்வர வரிசையில்) திறந்தபோது அப்பத்தா, "இப்பத்தான் சேந்துச்சு" என்றார். பழைய பதிவையும் திரும்பப் போட்டேன். அதில் இந்த இருள் பாதிதான் இருக்கிறது. அடுத்து எதைக் கேட்கலாம்?

தேவகோட்டை வயலின்:
1785-ல் மொசார்ட் இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக வெளியிட்ட ஆறு குவார்டெட்டில் இது கடைசி. முதலாவது கே. 387. அதன் கடைசிப் பகுதியை இரண்டாம் வயலின் நான்கு நீண்ட ஸ்வரத்தில் தனியாகத் தொடங்கும். அந்த நான்கையும் பிடித்துக்கொண்டு, யார் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அப்பத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.