புதுப்பிப்பு: மேசையிலிருந்து உப்பை எடுத்த கதை

பிரஷர் உள்ள அப்பாவிடம் உப்பைக் குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "சொல்லவே வேண்டாம், சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பை எடுத்துவிடுங்கள்" என்றீர்கள்.

எடுத்து அடுப்படி மேல்தட்டில் வைத்தோம். தடை எதுவும் இல்லை, வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் "உப்பு எங்கே?" என்றார். அப்புறம் மோருக்குக்கூடக் கேட்பதில்லை. அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் மாகாண உணவகங்களில் 2011-இல் இதே ஏற்பாடுதான்: மேசையில் உப்பு இருக்காது, கேட்டால் தருவார்கள்.

ஊறுகாய்தான் மசியவில்லை. தயிர்சாதம் என்றால் எழுந்துபோய் ஜாடியோடு வந்துவிடுகிறார். அதனால் இப்போது ஒரே ஒரு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டைச் சின்னக் கிண்ணத்தில் முன்கூட்டியே தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஜாடியைத் தேடுவது குறைந்திருக்கிறது. அப்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பு அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் பெரும்பங்கு சாம்பாரிலும் ரசத்திலும் போய்விடுகிறது. அங்கே மேசை வித்தை செல்லாது. உப்பு ஜாடியில் கிடந்த கரண்டியை எடுத்துவிட்டுச் சின்ன ஸ்பூன் போட்டேன். அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் அள்ளிப் போடுகிறார். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.