பசித்த பிள்ளை எழுதும் புத்தகத்தில் அப்பாவுக்கு என்ன இடம்?

குளத்தடியான், கிளிநொச்சி
இரண்டு தன்வரலாறுகளை அடுத்தடுத்து வாசித்தேன். பிராங்க் மக்கோர்ட்டின் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' (1996), ஜெனெட் வால்ஸின் 'தி கிளாஸ் காசில்' (2005). இரண்டிலும் குடிகார அப்பா, பசித்த பிள்ளைகள். எனக்கு மக்கோர்ட்தான் மேல். இரண்டாம் உலக யுத்த நேரம் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன அப்பாவின் காசு வருமென்று, அயர்லாந்தின் லிமெரிக் நகரில் சனிக்கிழமைகளில் தந்திப் பெடியனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காசு வருவதில்லை. 14 வயதில் பிராங்கே தந்தி கொண்டுபோகும் பெடியனாகிறார். வாசித்துவிட்டு அன்று இரவு நித்திரை வரவில்லை.

வால்ஸின் அம்மாவோ பிள்ளைகள் பசித்திருக்கும்போது போர்வைக்குள் ஒளித்துச் சாக்லேட் சாப்பிடுகிறார். டெக்சாசில் அவருக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டொலர் பெறுமதியான காணி இருந்தது பிறகுதான் தெரிய வருகிறது. எனக்கு வந்த கோபம் மகளுக்கு வரவில்லையே!

ஒலுமடு மகள்
அண்ணை, அந்தக் கோபம் வராததுதான் அந்தப் புத்தகத்தின் பலம். கண்ணாடி மாளிகை கட்டித் தருவேன் என்கிறார் அப்பா. பிள்ளைகள் அத்திவாரக் குழி வெட்டுகிறார்கள். கடைசியில் அதற்குள் வீட்டுக் குப்பைதான் நிறைகிறது. அந்தக் குழியைக் காட்டிய பிறகு அவரைத் திட்டவும் வேண்டுமா?

என் அப்பாவும் குடித்தவர். 2009இல் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சி முழுவதையும் எங்களுக்கு ஊற்றிவிட்டுப் பசியோடு படுத்தார். பிறகு ஊருக்கு வந்து, வீட்டுத்திட்டக் காசில் குடித்தார். இரண்டும் அவர்தான். எதை விட்டுவிட்டு எழுத?

பூவரசு
இரண்டு பேரும் அப்பாவோடேயே நிற்கிறீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அப்பா குடிக்காத வீட்டிலும் பசி இருந்தது. அதனால்தான் எனக்குத் தமிழ்நாட்டுத் தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' (1992). ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலில் பிடித்துக்கொண்டு போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. சாதி என்று அண்ணன் சொன்ன பிறகுதான் விளங்குகிறது. மற்ற இருவரும் நியூயோர்க்கில் போய்ச் சேர்கிறார்கள். பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, வேலை இல்லாமல் நிற்கிறார். வென்றவர்கள் கதையை மட்டும் வாசித்தால், மிச்சப்பேர் முயற்சி செய்யாதவர்கள் என்றாகிவிடும்.

குளத்தடியான், கிளிநொச்சி
'கருக்கு' பற்றிச் சொன்னது சரி. ஆனால் மக்கோர்ட்டும் அப்பாவின் குடியை மட்டும் சொல்லவில்லை. வடக்கு அயர்லாந்துப் பேச்சு என்பதாலேயே அவருக்கு லிமெரிக்கில் வேலை கொடுக்க மறுத்தார்கள். ஊர் செய்ததும் அதில் இருக்கிறது. தங்கச்சி, நீங்கள் எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

ஒலுமடு மகள்
தொடங்கிவிட்டேன் அண்ணை. மக்கோர்ட்டின் அம்மா 1981இல் இறந்துவிட்டார், புத்தகம் வந்தது அதற்குப் பிறகு. வால்ஸ் தன் அம்மா உயிரோடு இருக்கும்போதே வெளியிட்டார். அந்தத் துணிவுக்காகவும்தான் எனக்கு வால்ஸ். கஞ்சிப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாளி நீலமில்லை, மஞ்சள் என்றார். திருத்தினேன். வீட்டுத்திட்டக் காசுப் பகுதியை இன்னும் வாசித்துக் காட்டவில்லை.