எழுத்தில் இரண்டு அசை, வாயில் ஒன்று: பிரெஞ்சு வினைச்சொல் அனுபவங்கள்

புதுச்சேரிக்காரி:
அக்கா மகள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். வீட்டில் டிக்டேஷன் போடுவது என் வேலை. ‘இல் பார்ல்’ என்று வாசித்தேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சித்தி, ஒருத்தனா, நிறைய பேரா?” என்றாள். நியாயமான கேள்விதான். ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டும் காதுக்கு ஒன்றே. பன்மை வினையின் கடைசியில் எழுதுகிற ‘இ-என்-டி’ (ent) வாய்க்கு வருவதே இல்லை. நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் ஒரே அசை: ‘பார்ல்’. நாம், நீங்கள் வந்தால்தான் ‘பார்-லோன்’ (கடைசி ஒலி மூக்கோடு நின்றுவிடும்), ‘பார்-லே’ என்று இரண்டாகும்.

அவளுக்கு ஒரு பிடி கொடுத்தேன். வினை உயிரில் தொடங்கினால் காதைத் தீட்டிக்கொள். ‘அவன் நேசிக்கிறான்’ என்பது ‘இ-லேம்’. ‘ல்’ அடுத்த உயிரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்குப் பழகியதுதானே! பன்மையில், ஊமையாகக் கிடந்த எஸ் இசட் ஒலியாக எழுந்து ‘இல்-ஸேம்’ ஆகிவிடும். ‘முடிக்கிறான்’ இன்னும் சுலபம்: ஒருமை ‘ஃபி-னி’, பன்மை ‘ஃபி-னிஸ்’.

பாரிஸ்வாசி:
தங்கச்சி, இங்கே என் மகன் முதலாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து பிரெஞ்சு கேட்டும், வாசிக்கும்போது அந்த ‘இ-என்-டி’யை ‘ஆன்’ என்று இழுக்கிறான். கூடப் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகளும் அப்படித்தான். அதற்காகவே ஆரம்ப வாசிப்புப் புத்தகங்கள் பலவற்றில் ஒலிக்காத எழுத்துகளைச் சாம்பல் நிறத்தில் அச்சடிக்கிறார்கள். பெயர்ச்சொல்லில் ‘ஆன்’ சரியாக இருப்பதுதான் வில்லங்கம். இங்கே எல்லாருக்கும் தெரிந்த வசனம் ஒன்று: ‘லே பூல் த்யு கூவான் கூவ்’. கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. மடமும் அடைகாத்தலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முன்னது ‘கூ-வான்’, பின்னது ‘கூவ்’. (கூவுகிற கோழி வேறு, குழம்ப வேண்டாம்.)

துலூஸ் தம்பி:
அக்கா, உங்கள் ‘ஒரே அசை’ இந்தப் பக்கம் எடுபடாது. பிரான்சின் தெற்கே பலர் ‘பார்-ல’ என்று கடைசி உயிரைக் கேட்கும்படியே விடுகிறார்கள். நம்மவர்கள் கடைசியில் உகரம் சேர்த்து ‘பார்லு’ என்பதை வகுப்பில் திருத்துவார்கள். இங்கே சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம், பழைய மரபுக் கவிதையில் அடியின் நடுவே வரும் ‘பேசுகிறார்கள்’ என்பதற்கு இரண்டு அசை. 12 அசை அலெக்ஸாந்திரேன் அடியில் அந்த இரண்டாவது அசையை விழுங்கினால் எண்ணிக்கை 11ஆகிவிடும். அடியின் முடிவில் வந்தால் கணக்கில்லை. ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்பதன் கடைசி ‘இ-என்-டி’க்கோ கவிதையிலும் தனி அசை கிடையாது. கேட்டால் மரபு என்பார்கள்.

புதுச்சேரிக்காரி:
தம்பி, அவள் காதில் இதைப் போட்டுவிடாதே! ‘செய்கிறோம்’ என்பதில் ‘ஃபே’ என்று எழுதிவிட்டு ‘ஃப-ஸோன்’ என்று சொல்ல வேண்டும் என்பதையே இன்னும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்.