சாக்ஸபோன் குவார்ட்டெட்: முதல் நிகழ்ச்சிக்கு எந்த நோட்டு வாங்கலாம்?

தல்லாகுளம் ஆல்ட்டோ

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில நாங்க நாலு பேர் சேர்ந்து சாக்ஸபோன் குவார்ட்டெட் ஆரம்பிச்சிருக்கோம். ரெண்டு ஆல்ட்டோ, அதைவிடக் கீழ ஒலிக்கிற டெனர் ஒண்ணு, எல்லாத்துக்கும் அடியில ஒலிக்கிற பேரிடோன் ஒண்ணு. ஆல்ட்டோவுக்கும் மேல ஒலிக்கிற சோப்ரானோ எங்ககிட்ட இல்ல, இப்போதைக்கு வாங்குற வசதியும் இல்ல. பேரிடோன்கூட இரவல்தான். நானும் இன்னொரு ஆல்ட்டோவும் சர்ச் பேண்டுல ஊதி வளர்ந்தவங்க, ஸ்டாஃப் நொட்டேஷன் (அஞ்சு கோட்டுல எழுதுற மேற்கத்திய இசைக்குறி) நல்லா வாசிப்போம். டெனர் ஊதுறவர் கல்யாண பேண்டு செட்டுக்காரர். ஒரு தடவை காதுல விழுந்தா போதும், அப்படியே ஊதிருவார். தாளை முன்னால வச்சா மட்டும் கொஞ்சம் தயங்குவார்.

டிசம்பர் கடைசியில ஒரு சர்ச் ஹால்ல முக்கால் மணி நேரம் குடுத்திருக்காங்க. வர்றவங்கள்ல பாதிப் பேர் சர்ச்சுல பாமாலை (மேற்கத்திய மெட்டுல உள்ள கிறிஸ்தவப் பாட்டு) பாடிப் பழகினவங்க, மீதிப் பேர் கர்நாடகமும் சினிமாப் பாட்டும் கேட்கிறவங்க.

எங்களுக்குள்ளயே ஒத்துவரல. குவார்ட்டெட்டுக்குன்னே எழுதின நோட்டை, அதாவது இசை அச்சடிச்ச தாளை, வெளிநாட்டுல இருந்து வரவழைப்போம்னு ஒருத்தர் சொல்றார். நம்ம பாட்டையே நாலு பார்ட்டா பிரிச்சு எழுதிக்குவோம்னு இன்னொருத்தர் நிக்கிறார். இருக்கிற காசுல ஒரு செட்தான் வாங்க முடியும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கீழவாசல் டெனர்

தம்பி, இதுல யோசிக்கவே வேண்டாம். குவார்ட்டெட்டுக்குன்னு எழுதினதை வாங்குங்க.

அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல பாரிஸ்ல காப்புரிமை வாங்கினப்பவே இதை ஒத்தை வாத்தியமா நினைக்கல, ஒரு குடும்பமா நினைச்சார். எல்லாத்துக்கும் ஒரே விரல் வைப்பு, தாள்ல கோட்டுக்கு முன்னால போடுற கிளெஃப் குறியும் ஒண்ணுதான். அவரோட நண்பர் சிங்கெலே 1857-ல சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேரிடோன் நாலுக்கும் சேர்த்து ஒரு குவார்ட்டெட் எழுதினார், ஓபஸ் (படைப்பு எண்) 53. அப்புறம் 1928-ல மார்செல் மூல் பாரிஸ்ல தன்னோட குவார்ட்டெட்டைத் தொடங்கினதும் பெரிய பெரிய ஆளுங்க எழுத வந்தாங்க. ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ் 1932-ல பி ஃபிளாட் மேஜர்ல ஓபஸ் 109 எழுதினார். அதோட நடுப் பகுதி ஒரு கன்சோனா (பாட்டு மாதிரியான மெட்டு), அதைத் தொடர்ந்து அதே மெட்டை மாத்தி மாத்தி எழுதின வேரியேஷன்கள். ஒண்ணு ஷூமன் சாயல், ஒண்ணு ஷோப்பின் சாயல். பியெர்னே, பிரான்சே, போஸா எல்லாரும் 1930-கள்ல இந்த அமைப்புக்கு எழுதினவங்க.

இவ்வளவு சொத்து இருக்கும்போது, அதைத் தொடாமலே குவார்ட்டெட்னு பேர் வச்சுக்கிட்டு மேடை ஏறுறது எனக்கு வருத்தமா இருக்கு. நம்ம ஊர்ல இதை நேர்ல கேட்டவங்க ரொம்பக் கொஞ்சம். நீங்க ஊதலைன்னா வேற யாரு ஊதுவாங்க?

செலவைப் பத்தியும் பயப்படாதீங்க. இந்தியச் சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருஷம் போனா உரிமை முடிஞ்சிருது. சிங்கெலே 1875-ல போயிட்டார், கிளாசுனோவ் 1936-ல. பிரான்சேயும் போஸாவும் 1990-கள்ல இறந்தவங்க, அவங்க நோட்டைக் காசு குடுத்துத்தான் வாங்கணும். ஜெராக்ஸ் போடாதீங்க.

செல்லூர் பேண்டு வாத்தியார்

டெனர் அண்ணே, சொத்து பெரிய சொத்துதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ஹால்ல உக்காந்திருக்கிற அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் இருபத்தஞ்சு நிமிஷம் கிளாசுனோவ் ஊதினா யாருக்குண்ணே அது போய்ச் சேரும்?

நான் பேண்டு செட் நடத்துறவன். கல்யாணம், சப்பரம், தேர்பவனி எல்லாத்துக்கும் போறோம். பாட்டு ஆரம்பிச்ச உடனே கூட்டம் கூடப் பாடுதா இல்லையாங்கிறதுதான் எனக்குக் கணக்கு. இளையராஜாவை எடுங்க. பண்ணைப்புரம் அவர் பிறந்தப்ப நம்ம மதுரை மாவட்டம். அவர் பாட்டுல பேஸ் தனியா ஒரு பாட்டுப் பாடும், புல்லாங்குழல் தனியா பதில் சொல்லும். அதை அப்படியே நாலா பிரிச்சா ரெடிமேட் குவார்ட்டெட். உங்க டெனர்காரர் மாதிரி ஆளுக்கு அது மனப்பாடமாவே இருக்கும், தாளே வேண்டாம்.

தாளைப் பார்த்துப் பயப்படுற ஆளுகிட்ட முதல் நிகழ்ச்சியிலேயே ரஷ்யக்காரர் நோட்டைக் குடுத்தா, அவர் அடுத்த ரிகர்சலுக்கு வரவே மாட்டார். ஒரு நல்ல ஊதுகாரரை இப்படி இழந்துராதீங்க தம்பி.

அவனியாபுரம் அரேஞ்சர்

ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போயிட்டீங்க. தம்பிகிட்ட சோப்ரானோ இல்ல.

சிங்கெலே, கிளாசுனோவ் ரெண்டுலயும் முதல் பார்ட் சோப்ரானோவுக்கு. ரெண்டும் வேற வேற சுருதியில செஞ்ச கருவி, ஒரே ஒலிக்கு ரெண்டு தாள்லயும் வேற நோட்டு வரும். அதனால அதை ஆல்ட்டோவுக்கு மாத்தணும்னா தாள்ல இருக்கிற ஒவ்வொரு நோட்டையும் அஞ்சாவது மேலே தூக்கி எழுதணும். சோப்ரானோ தாள்ல ‘சி’ இருந்தா ஆல்ட்டோ தாள்ல அதுக்கு மேல உள்ள ‘ஜி’. சோப்ரானோ ‘பி’யைத் தொட்டா ஆல்ட்டோவுக்கு அது மேல் எஃப் ஷார்ப். கருவியில அதுக்குன்னு சாவி இருந்தாலும் அந்த இடத்துல மெல்ல ஊதி சுருதி நிக்க வைக்கிறது பழகினவங்களுக்கே கஷ்டம். அதனால அந்த ரெண்டும் இந்தக் குழுவுக்கு இப்ப ஆகாது. ரசிகர்களுக்காகச் சொல்லல, கருவிக்காகச் சொல்றேன்.

வாங்குறதா இருந்தா ரெண்டு ஆல்ட்டோ, டெனர், பேரிடோன் அமைப்புன்னு போட்டிருக்கிற நோட்டைப் பாருங்க. இல்லைன்னா சோப்ரானோ பார்ட்டுக்கு மாற்றா ஆல்ட்டோ பார்ட்டும் சேர்த்துத் தர்ற பதிப்பைப் பாருங்க. பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்காக அப்படி நிறையப் போடுறாங்க.

இன்னொண்ணு. நோட்டு வாங்குறதுக்கு முன்னால மாதிரிப் பக்கம் காட்டுவாங்க. முதல் பார்ட்டைப் பார்க்காதீங்க, பேரிடோன் பார்ட்டைத் திறங்க. பக்கம் பூரா நீளமா இழுக்கிற முழு நோட்டும் ஊதாம நிக்கிற ரெஸ்ட்டுமா கிடந்தா அந்த அரேஞ்மெண்ட்டை வாங்காதீங்க. அவ்வளவு எடையுள்ள வாத்தியத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறவருக்கு எட்டு பார் மெலடியாவது இருக்கணும். டெனருக்கும் அதே சோதனை. நாலு பேருக்கும் வேலை இருக்கிற நோட்டுதான் குவார்ட்டெட் நோட்டு. மேல ஒருத்தர் பாட, கீழ மூணு பேர் ‘பூம் பூம்’னு நிக்கிறது பக்கவாத்தியம்.

வாத்தியார் அண்ணனுக்கு: சினிமாப் பாட்டு விஷயத்துல சட்டம் இருக்கு. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்துல மதச் சடங்குக்கும் கல்யாண ஊர்வலம் மாதிரியான விசேஷத்துக்கும் விலக்கு உண்டு. அதனாலதான் நீங்க தைரியமா ஊத முடியுது. ஹால்ல மேடை போட்டு நிகழ்ச்சி நடத்துறது அந்த விலக்குக்குள்ள வராது. அதுக்கு உரிமை வாங்கணும்.

செல்லூர் பேண்டு வாத்தியார்

உரிமை வாங்கணும்னா வாங்கட்டும். அதுக்காகப் பாட்டையே ஒதுக்கணுமா? மக்கள் நேசிக்கிற பாட்டை ஒதுக்கிட்டு நடத்துற எந்தக் கச்சேரியும் ரெண்டாவது தடவை நடக்காது.

நரிமேடு டீச்சர்

தம்பி, நான் வயலின் சொல்லிக் குடுக்கிறவ. கர்நாடகமும் உண்டு, வெஸ்டர்னும் உண்டு. ‘நம்ம பாட்டை நாலா பிரிச்சுக்குவோம்’னு உங்க குழுவுல ஒருத்தர் சொன்னதா எழுதியிருக்கீங்க. அதுல எந்தப் பாட்டுங்கிறதுதான் கேள்வி. அதைச் சரியாப் பார்க்கலைன்னா நோட்டும் கெடும், ராகமும் கெடும்.

ஒரு உதாரணம். சியாமா சாஸ்திரி நம்ம மீனாட்சி மேல பாடின நவரத்னமாலிகையில ‘சரோஜதளநேத்ரி’ சங்கராபரணம். சங்கராபரணம்னா மேஜர் ஸ்கேல்தானே, கார்டு (பல சுரத்தைச் சேர்த்து ஒலிக்கிறது) போட்டுரலாம்னு பசங்க கிளம்பிருவாங்க. சுரஸ்தானம் ஒண்ணுதான். ஆனா அந்த மத்தியமம், அதாவது நாலாவது சுரம், போட்ட இடத்துல நிக்காது, ஆடும். மேல ஆல்ட்டோ அதை ஆட்டும்போது கீழ பேரிடோன் நாலாவது சுரத்தை இழுத்துப் பிடிச்சு கார்டு நிறுத்தினா, கேட்கிறவங்களுக்கு யாரோ சுருதி விலகி ஊதுற மாதிரிதான் இருக்கும். ஆட்டத்தை எடுத்துட்டா சுருதி சேரும், சங்கராபரணம் போயிரும். இந்த ஆட்டத்தை, அதாவது கமகத்தை, ஸ்டாஃப் நொட்டேஷன்ல எழுதி நாலு பேரை ஒரே மாதிரி ஆட வைக்கிறதும் நடக்காத காரியம். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன்ல கர்நாடக இசையை நிலைநிறுத்தினார்னா, அது தனி ஒருத்தரா, கருவியையே தனக்கேத்த மாதிரி மாத்திக்கிட்டு, ஒரு ஆயுள் உழைச்ச உழைப்பு. 1994-ல லண்டன் ஆல்பர்ட் ஹால் வரைக்கும் கொண்டு போனார். அதை டிசம்பருக்குள்ள நாலு பேர் தாள்ல பார்த்துச் செய்ய முடியாது.

அதனால பெரிய கிருதிகளைத் தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

ஆனா நோட்டுஸ்வரம் இருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் மெட்ராஸ்ல பிரிட்டிஷ் பேண்டு வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். சுமார் 40 இருக்கு. பிறப்பே பேண்டு மெட்டு, கமகம் கிடையாது, கார்டு தானா வந்து உக்காரும். அப்புறம் மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவுல பாடுவாரே, இங்கிலீஷ் நோட்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைச்சது. பாகவதர் 1945-ல காலமானவர், உரிமைப் பிரச்சினையும் இல்ல. நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு அதை எடுத்த உடனே முகம் மலர்ந்துரும். அதை நாலு குரலா எழுதுங்க.

கீழவாசல் டெனர்

டீச்சர், இங்கிலீஷ் நோட்டு யோசனை அருமை, மனசார ஏத்துக்கிறேன். சோப்ரானோ இல்லாததையும் அரேஞ்சர் சொன்னது நியாயம். கிளாசுனோவை இந்த வருஷம் விட்டுருவோம்.

ஆனா அடிப்படையில நான் மாறல. தானே எழுதிக்கிற அரேஞ்மெண்ட்டை மட்டும் ஊதுற குழு தன்னோட வசதிக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். கஷ்டமான பாரை எளிமையாக்கிக்கலாம்னு கை தானாப் போகும். வெளியில இருந்து வந்த நோட்டு அப்படி விடாது. நாலு பேரும் அதுக்கு ஈடுகொடுத்தாகணும். சுருதி, நோட்டைத் தொடங்குறது, முடிக்கிறது எல்லாம் அங்கதான் ஒண்ணாகும். ஒரே ஒரு உருப்படியாவது அப்படி இருக்கணும்.

நரிமேடு டீச்சர்

அதுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) எழுதின கோரல்கள், அதாவது சர்ச் பாட்டுகள், போதும். 371 இருக்கு, நாலு குரல்ல எழுதினது, யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். ரெண்டு ஆல்ட்டோ, டெனர், பேரிடோனுக்கு அப்படியே பொருந்தும். மேல் குரல் பெரும்பாலும் ஆல்ட்டோ எல்லைக்குள்ளயே நிக்கும். பாமாலை பாடுறவங்களுக்கு அந்த நடை பழக்கம். ஒவ்வொரு சொற்றொடர் முடிவுலயும் நிறுத்தி, பேரிடோன்ல இருந்து மேல ஒவ்வொருத்தரா சேர்ந்து கார்டைக் கேளுங்க. கார்டோட மூணாவது சுரம் யார்கிட்ட இருக்கோ அவங்க கொஞ்சம் இறக்கி ஊதினாத்தான் மேஜர் கார்டு இனிக்கும்.

பேரிடோன்காரர் வராத நாள்ல கீபோர்டு வச்சுப் பழகணுமா? அவர் தாளையே பேஸ் கிளெஃப்னு நினைச்சுக்கிட்டு, வரி தொடக்கத்துல வர்ற கீ சிக்னேச்சர்ல மூணு ஃபிளாட் (அரை சுரம் இறக்குற குறி) கூட்டி வாசிங்க. நோட்டு சரியா வரும். நடுவுல தனியா வர்ற ஷார்ப், ஃபிளாட்டை மட்டும் பார்த்து மாத்திக்கணும்.

தல்லாகுளம் ஆல்ட்டோ

டீச்சர், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி டெனர்காரரோட உக்காந்து ஒரு கோரலைப் போட்டுப் பார்த்தோம். நான் அவர் பார்ட்டை முதல்ல ஊதிக் காட்டினேன், அவர் கேட்டுட்டு ஊதினார், அதுக்கப்புறம் தாளைப் பார்த்தார். காதுல விழுந்த பிறகு தாள் அவருக்குப் புரியுது. பி ஃபிளாட் மேஜர்ல இருந்ததால அவருக்கு ‘சி’, எங்களுக்கு ‘ஜி’, ரெண்டுமே எளிமையான கீ.

ஃபேன் போட்டா தாள் பறக்குது, போடலைன்னா வேர்வை கண்ணுல இறங்குது. ஸ்டாண்டு ரெண்டு பக்கமும் துணிக் கிளிப் மாட்டியிருக்கோம், பக்கம் திருப்பும்போது அதுவும் இடைஞ்சல்.

இப்போதைக்கு இப்படி நினைக்கிறோம்: ரெண்டு கோரல், ஒரு நோட்டுஸ்வரம், இங்கிலீஷ் நோட்டு, வேதநாயகம் சாஸ்திரியாரோட கிறிஸ்தவக் கீர்த்தனை ஒண்ணு. இருக்கிற காசுக்கு, ரெண்டு ஆல்ட்டோ அமைப்புக்குன்னே எழுதின ஒரிஜினல் நோட்டு ஒண்ணு வாங்குறோம். சினிமாப் பாட்டு பத்தி இன்னும் முடிவாகல. எங்க டெனர்காரர் வாத்தியார் அண்ணன் பக்கம்.

அவனியாபுரம் அரேஞ்சர்

பக்கம் திருப்புறதுக்கு வழி எளிது. ஒவ்வொரு பார்ட்டையும் ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்குற மாதிரி மியூஸ்ஸ்கோர்ங்கிற நோட்டு எழுதுற மென்பொருள்ல அமைச்சு, அட்டையில ஒட்டிருங்க. அதுக்கு மேல போனா, அந்தப் பார்ட்டுக்கு ரெஸ்ட் வர்ற இடத்துல பக்கம் முடியணும். பேரிடோன் தாளை மட்டும் பெரிய எழுத்துல அடிங்க, அவர் ஸ்டாண்டுல இருந்து தள்ளித்தான் நிப்பார்.

இங்கிலீஷ் நோட்டு எழுதும்போது மெலடியை முழுக்க முதல் ஆல்ட்டோவுக்கே குடுத்துராதீங்க. ரெண்டாவது சுத்துல டெனர், மூணாவதுல பேரிடோன். வேகமான சுரங்கள் பேரிடோன்ல அடியில இருந்து வரும்போதுதான் சபை நிமிர்ந்து உக்காரும். எழுதி அனுப்புங்க, பார்த்துத் தர்றேன்.

கீழவாசல் டெனர்

கோரல் ரெண்டு போதாது, மூணாவது வையுங்க. நிகழ்ச்சியை அதுலதான் ஆரம்பிக்கணும். அடுத்த வருஷத்துக்கு சோப்ரானோவுக்குக் காசு சேருங்க, சிங்கெலே காத்துக்கிட்டிருக்கு.

செல்லூர் பேண்டு வாத்தியார்

மூணு கோரல் வச்சா ராஜா பாட்டுக்கு எங்கண்ணே நேரம்? ஒரு பாட்டாவது வேணும், கடைசி உருப்படியா. உரிமைக்கு யார்கிட்ட எழுதணும், எவ்வளவு ஆகும்னு தம்பி விசாரிக்கட்டும், அந்தச் செலவுல பாதியை நம்ம செட் ஏத்துக்கும்.

அப்புறம் தம்பி, இரவல் பேரிடோன்ல கீழ் நோட்டு சரியா பேசலைன்னா பேடு லீக் (துளையை மூடுற பேடு வழியா காத்துக் கசிவு) இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் செல்லூருக்குக் கொண்டாங்க, லைட்டை உள்ளே விட்டுப் பார்த்துருவோம். டெனர்காரரையும் கூட்டிட்டு வாங்க, கோரலை எனக்கும் ஒரு தடவை ஊதிக் காட்டட்டும்.