மெர்ச்சண்டைசிங், புரொடக்‌ஷன், க்யூசி: மூன்று துறைகளும் முறைத்துக்கொள்கின்றன, என்ன செய்யலாம்?

கேட்டவர்: நூல்கண்டு

வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் (பையர், அதாவது வாங்குகிறவரிடம் ஆர்டர் பேசுவது) பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் பையருக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள். "எங்களைக் கேட்டா கொடுத்தீங்க?" என்று புரொடக்‌ஷனில் கோபப்படுவார்கள். சாயப்பட்டறையில் துணி தங்கிவிட்டால் அந்த நாட்கள் முழுக்க தையல் லைனில்தான் குறையும். கடைசி வாரத்தில் க்யூசி (தரம் பார்க்கிறவர்) பீஸை நிறுத்துவார், புரொடக்‌ஷன் மேனேஜர் சத்தம் போடுவார், அப்புறம் எப்படியோ பாஸ் ஆகிவிடும்.

போன சீசனில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியும் பாடித் துணியும் ஷேடு (நிறச் சாயல்) ஒட்டவில்லை. ரிப்பை மாற்றித் தைத்து, தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு, ஏர் ஷிப்மெண்ட் அனுப்பினோம். அந்தப் பணம் யார் கணக்கில் என்று இன்னும் மெயில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளி இப்போது எல்லாவற்றையும் புரொடக்‌ஷன் மேனேஜர் கீழே கொண்டுவந்துவிடலாம் என்கிறார். இது சரியாக வருமா?

பதில்: பின்னலாடைக்காரர்

தம்பி, மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். க்யூசியை மட்டும் புரொடக்‌ஷன் கீழே கொண்டுபோக விடாதீர்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஃபேக்டரி மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

காரணம் இதுதான். ஐயாயிரம் பீஸ் லாட்டில் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன் என்றால் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிஃபெக்டுக்கு (பெரிய குறை) ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளும் குறை அளவு, 2.5 வைத்தால், குறையுள்ள பீஸ் பத்து வரை பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். அந்தப் பதினோராவது பீஸ் கையில் இருக்கும்போதுதான் கம்பெனியில் யார் பெரியவர் என்பது தெரியும். தோள் ஜாயின்ட்டில் ஒரு ஊசி ஓட்டை. மேஜர் என்று எழுதினால் ஐயாயிரமும் பெட்டியிலிருந்து திரும்ப வெளியே வர வேண்டும். மைனர் என்று எழுதினால் லாரி கிளம்பிவிடும். செக்கரின் சம்பள உயர்வை எழுதுகிறவரே லாரியையும் அனுப்ப வேண்டியவராக இருந்தால், அந்தப் பெண் என்ன எழுதுவார்? க்யூசி நேராக முதலாளியிடம்தான் ரிப்போர்ட் பண்ண வேண்டும்.

தேதி விஷயத்தில் தப்பு உங்கள் பக்கம். துணி ஃபேக்டரிக்குள் வரும் நாளை வைத்துத்தான் ஷிப்மெண்ட் நாளைக் கணக்கிட வேண்டும், பையர் கேட்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணக் கூடாது. 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை வெளியூர் அனுப்பிச் சாயமேற்றி வாங்கினோம். லாரி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில் மெர்ச்சண்டைசரும் புரொடக்‌ஷனும் தினமும் காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வந்த துணியைப் பார்த்து லைன் பிளான் போட்டோம். நான் பார்த்ததில் சண்டை குறைந்திருந்த காலம் அதுதான்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடி வாங்கியவைதான். ஜெனரல் மோட்டார்ஸில் 1920-களின் தொடக்கத்தில், ஆராய்ச்சித் தலைவர் கெட்டரிங்கின் கூடம் தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிரும் செம்புத் தகடு எஞ்சினைக் கொண்டுவந்தது. தலைமை அதன் பக்கம் நின்று, கார் பிரிவுகள் இதைத் தயாரிக்க வேண்டும் என்றது. பிரிவுகளின் இன்ஜினியர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒத்துழைக்கவில்லை என்று ஆராய்ச்சிக்கூடம் சொன்னது, எஞ்சின் தயாராகவில்லை என்று பிரிவுகள் சொன்னார்கள். 1923-ல் அந்த எஞ்சினோடு விற்ற ஷெவர்லே கார்களையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் ஒரு துறையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கவில்லை. பிரிவுகளின் தலைமை இன்ஜினியர்களையும் ஆராய்ச்சிக்காரர்களையும் ஒரே தொழில்நுட்பக் குழுவில் உட்கார வைத்தார். உங்கள் முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

பதில்: செக்கிங் டேபிள்

அய்யா சொன்ன ஊசி ஓட்டை எங்களுக்குத் தினமும் நடப்பது. "மைனர்னு போடும்மா, டைம் இல்ல" என்பார்கள், வாயால் மட்டும். பையரின் இன்ஸ்பெக்டர் வந்து அதே பீஸை எடுத்தால் ரிப்போர்ட்டில் இருப்பது எங்கள் கையெழுத்து. நிறுத்திய லாட்டை அனுப்பச் சொல்கிறவர் பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு ஃபார்ம் வையுங்கள். நாங்கள் முன்பு வேலை பார்த்த இடத்தில் அதை வைத்ததும் வாய்ச்சொல் நின்றது.

பதில்: அறுபது மெஷின்

நான் மாற்றிச் சொல்கிறேன். என்னுடையது சின்ன யூனிட். மூன்று பேருக்கும் சம அதிகாரம் கொடுத்தால் பட்டன் கலருக்குக்கூட என்னிடம்தான் வருகிறார்கள். ஒருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும்.

பதில்: பின்னலாடைக்காரர்

முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்பது சரிங்க. ஆனால் எல்லா முடிவுக்கும் ஒரே ஆள் வேண்டியதில்லை. பையரிடம் பேசுவது மெர்ச்சண்டைசர், எந்த லைனில் எந்த ஸ்டைல் ஓடும் என்பது புரொடக்‌ஷன், பெட்டியை மூடலாமா என்பது க்யூசி. உங்கள் யூனிட்டில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பட்டன் கலர் உங்களிடம் வராது.

கேட்டவர்: நூல்கண்டு

நன்றி, க்யூசி விஷயத்தையும் ஃபார்மையும் திங்கட்கிழமை முதலாளியிடம் பேசுகிறேன். ஏர் ஷிப்மெண்ட் பணம்? எந்தத் துறையால் தாமதமோ அதன் கணக்கில் டெபிட் போடுவதுதான் இங்கே வழக்கம்.

பதில்: பின்னலாடைக்காரர்

மெயில் போருக்குக் காரணமே அந்த வழக்கம்தான். டெபிட் தன் தலையில் விழும் என்று தெரிந்தவன், ரிப் ஷேடு ஒட்டவில்லை என்றால் போனை எடுத்துச் சொல்ல மாட்டான், ஆதாரத்துக்கு மெயில் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பான். பணத்தை அந்த ஆர்டரின் காஸ்டிங்கிலேயே (செலவுக் கணக்கு) எழுதுங்கள். மூன்று துறைத் தலைவர்களின் இன்சென்டிவும் ஆர்டரில் கடைசியாக நின்ற லாபத்தை வைத்துக் கணக்காகட்டும். தாமதம் ஏன் வந்தது என்பதைத் தனியாக, ஷிப்மெண்ட் போன பிறகு உட்கார்ந்து பேசுங்கள். பட்டறைக்காரரையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். ரிப்பையும் பாடியையும் ஒரே லாட்டில் சாயமேற்றினார்களா என்று அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.