பழைய ஃபிலிம் கேமரா: ஏஇ-1 எடுக்கலாமா, கே1000 எடுக்கலாமா?

இருட்டறைவாசி:
வணக்கம் மக்களே. அப்பாவோட யாஷிகா எம்எஃப்-2 பீரோல கிடந்துச்சு, ஆசையா தொறந்து பாத்தா பேட்டரி எடம் முழுக்க பச்சை பூத்து கிடக்கு. சரி ஒரு நல்ல எஸ்எல்ஆரா (லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற கேமரா) வாங்கி வச்சுக்கலாம், மாசம் ஒரு ரோல் எடுப்பேன்னு பாக்குறேன். ஒருத்தர் கேனான் ஏஇ-1 பளபளன்னு வச்சிருக்கார், இன்னொருத்தர்கிட்ட பென்டாக்ஸ் கே1000, மேல ஒரு அடி வாங்கிருக்கு ஆனா வெல அதிகம். ஏற்கனவே ஆன்லைன்ல "நல்ல கண்டிஷன்"னு நம்பி ஒண்ணு வாங்கி, 36 படத்துலயும் ஓரமா ஆரஞ்சு கோடு விழுந்து நொந்து போயிருக்கேன். வீடு பெசன்ட் நகர், உப்புக்காத்து வேற. எத எடுக்கலாம்?

பழைய_ஸ்டூடியோ:
தம்பி, கே1000 எடுங்க. 1976-லருந்து 1997 வரைக்கும் வந்த மாடல், நான் 10 வருஷம் கல்யாணம் காதுகுத்துன்னு அதுலதான் ஓட்டுனேன். பேட்டரி வெளிச்சம் அளக்குற மீட்டருக்கு மட்டும்தான், செல் செத்தாலும் ஷட்டர் அடிக்கும், வெயில்ல கண்ணளவுல வச்சு எடுத்துட்டு போயிடலாம். ஒரே தொல்லை, மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடிய போடாம வச்சீங்கன்னா செல் காலி. ஏஇ-1 நல்ல கேமராதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா 6 வோல்ட் பேட்டரி இல்லன்னா அது வெறும் பேப்பர் வெயிட்டு. மேல இருக்குற அடிய பாத்து பயப்படாதீங்க, உள்ளதான் பாக்கணும்.

குமிழ்விளக்கு:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஏஇ-1-அ க்ளிக் பண்ணும்போது கீச்சுன்னு இருமுற மாதிரி சத்தம் வந்தா மிரர் பக்கத்து கியர்ல எண்ணெய் காஞ்சுருச்சுன்னு அர்த்தம், சர்வீஸ் செலவ வெலைல கழிச்சு பேசுங்க.

எதுவா இருந்தாலும் ரோல் இல்லாம பின்பக்கத்த தொறந்து ஷட்டர் ஸ்பீட 1 செகண்ட்ல வச்சு அடிங்க, மூடாம இழுத்துக்கிட்டு நின்னா ஆயில் கெட்டியாயிருக்கு. அப்புறம் அபர்ச்சர (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டைய) முழுசா தொறந்து ஃபோன் டார்ச்ச லென்ஸ் வழியா அடிச்சு பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ். கதவு ஓரத்து பள்ளத்துல இருக்குற கறுப்பு ஸ்பாஞ்ச நகத்தால தொடுங்க, தார் மாதிரி ஒட்டுனா, வெளிச்சம் உள்ள வராம தடுக்குற அந்த லைட் சீல் போச்சு. உங்க ஆரஞ்சு கோடு பெரும்பாலும் அதுதான். அத மாத்துறது பெரிய வேலையே இல்ல, ஆனா விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க!

இருட்டறைவாசி:
அய்யோ அது தெரியாம அந்த கேமராவ பாதி வெலைக்கு தள்ளிவிட்டேனே 😭 ஒலிம்பஸ் ஓஎம்-1 எப்படி, சின்னதா அழகா இருக்கே?

குமிழ்விளக்கு:
கைல எடுத்தா கீழ வைக்க மனசு வராது. ஆனா அதோட மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி செல்லுக்கு பண்ணது, அது இப்போ வர்றதில்ல. நான் காது மெஷினுக்கு போடுற 675 செல்ல சின்ன ரிங் வச்சு போடுறேன், 1.4 வோல்ட், கணக்கு ஒத்து வருது, என்ன, செல்லு மேல இருக்குற ஸ்டிக்கர உரிச்சா கொஞ்ச மாசத்துல செத்துரும். கண்ணு வச்சு பாக்குற எடத்துல இருக்குற பிரிசம் கண்ணாடி மேல உள்ள ஸ்பாஞ்ச் கரைஞ்சு அத அரிச்சிருக்கான்னும் பாத்துக்கங்க.

பழைய_ஸ்டூடியோ:
பெசன்ட் நகர்னா அந்த தோல் உறைல மட்டும் போட்டு வைக்காதீங்க, ஃபங்கஸுக்கு அதான் மாமியார் வீடு. காத்து போகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போடுங்க. அரிசி டப்பால போட சொல்லுவாங்க, கேக்காதீங்க, மாவுத்தூசி உள்ள போகும். மாசம் ஒருக்கா எல்லா ஸ்பீடுலயும் ரெண்டு தடவ அடிச்சுட்டு, ஷட்டர ஏத்தாம வைங்க.

இருட்டறைவாசி:
போயி பாத்துட்டேன். ஏஇ-1 நல்லாவே இருமுச்சு, அவர் "அது அப்படித்தான் சார்"ங்கறார். கே1000-ல ஸ்பாஞ்ச் மட்டும்தான் போயிருக்கு, அத சொல்லி கொஞ்சம் கொறைச்சு வாங்கிட்டேன். சீல் மாத்துனதும் முதல் ரோல் போட போறேன்.

பழைய_ஸ்டூடியோ:
போட்டதும் லீவர இழுக்கும்போது இடது பக்கம் ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு பாத்துக்கங்க, சுத்தலன்னா ரோல் மாட்டவே இல்ல. ஒரு காதுகுத்து முழுசையும் வெறும் காத்துல எடுத்தவன் சொல்றேன்.