உதவி இயக்குநருக்கு எவ்வளவு தருகிறார்கள்? நாங்கள் வாங்கியதும் பார்த்ததும்

ஈசூன்வாசி:

"அண்ணா, ஏடி (உதவி இயக்குநர்) வேலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்?" பாலிடெக்னிக், தேசிய சேவை எல்லாம் முடித்துவிட்டு வரும் தம்பிகள் முதலில் கேட்பது இதுதான். நம் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சிங்கப்பூரில் சட்டம் எதுவும் இல்லை. அதனால் நான் வாங்கியதையே சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு தமிழ் நாடகத் தொடரில், ஏடிகளில் கீழ்நிலையான மூன்றாம் ஏடியாக நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கிளாப் அடிப்பது, துணை நடிகர்களை அழைத்து வருவது, கதாநாயகியின் வளையல் முந்தைய காட்சியில் எந்தக் கையில் இருந்தது என்று படம் பிடித்து வைப்பது, எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போது விளம்பரப் படத்துக்கு, ஏடிகளுக்குத் தலைமையான முதல் ஏடியாகப் போனால் 500, 550 கிடைக்கிறது. 12 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம் தனி. ஆனால் இதே அனுபவத்தோடு தமிழ் நாடகத்துக்குப் போனால் அதில் பாதிகூட வராது. அனுபவம் கூடக்கூடச் சம்பளம் கூடும், சரி. யாருடைய பணத்தில் எடுக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

நாடகத்தில் உஷாராக இருக்க வேண்டியது மொத்தத் தொகை பேசும்போது. தொடருக்கு 3,600 வெள்ளி, 24 நாள் படப்பிடிப்பு என்பார்கள். நாளைக்கு 150, பரவாயில்லை என்று தோன்றும். அதற்கு முன்னால் லொகேஷன் தேடுவது, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்றத்திடம் அனுமதி வாங்குவது, அட்டவணை போடுவது என்று 12 நாள் போய்விடும். மழையால் நின்றதை ஈடுகட்ட இன்னும் 4 நாள். ஆக மொத்தம் 40 நாள், நாளைக்கு 90 வெள்ளிதான். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியும் கிடையாது. 55 வயதுக்குட்பட்ட சம்பளக்காரருக்கு முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். நமக்குப் போட ஆளில்லை, மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பையும் நாமே கட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கக் குழு இங்கே படமெடுக்க வந்தபோது உள்ளூர்க் குழுவில் நானும் இருந்தேன். அவர்களுடைய முதல் ஏடிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீங்கள் எப்போது படம் இயக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஆசையே தனக்கு இல்லை, இதுதான் தன் தொழில் என்றார். அங்கே ஏடிகளும் இயக்குநர்கள் சங்கமான டிஜிஏவில் உறுப்பினர்கள். வாரச் சம்பளம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒப்பந்தமே இருக்கிறது. படம் பின்னால் டிவிக்குப் போனால் வரும் பணத்திலும் முதல் ஏடிக்குப் பங்கு உண்டு. மாலையில் அவர் டைம்ஷீட் நிரப்புவதைப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போனதைக் குறிக்கக்கூட அதில் ஒரு கட்டம் இருந்தது. நம் சினிமாவில் ஏடி என்றால் நாளைக்கு இயக்குநர் ஆகப் போகிறவர், இப்போதைக்குக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொள்ள வந்தவருக்குச் சம்பளம் எதற்கு என்ற எண்ணத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

தேக்கா தங்கை:

அண்ணா சொல்வது சென்னையில் அப்பட்டமாகத் தெரியும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வேலை கற்க வேண்டும் என்று கோடம்பாக்கம் போய், சாலிகிராமத்தில் அறை எடுத்து, ஒரு படம் முடியும்வரை இருந்தேன். என் இயக்குநர் நல்ல மனிதர். ஆனால் எங்கள் சம்பளம் அவர் சம்பளத்துக்குள் அடக்கம். தயாரிப்பாளர் அவருக்குத் தவணையை நிறுத்தினால் எங்களுக்கும் நின்றுவிடும். படப்பிடிப்பு நாட்களில் பேட்டா, அதாவது தினப்படி உண்டு. கதை விவாதம், டப்பிங், எடிட்டிங் என்று ஓடும் மாதங்களில் வேலை இருக்கும், பேட்டா இருக்காது.

அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் புரொடக்‌ஷன் மேனேஜர் பட்டியலோடு உட்காருவார். லைட்மேன், டிரைவர், மேக்கப் உதவியாளர் என்று ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்காகப் பேச ஃபெப்சி என்ற திரைத் தொழிலாளர் சம்மேளனம் இருக்கிறது. சம்பளத்துக்காக 2017இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். எங்கள் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இணை இயக்குநர் அண்ணன், இரண்டு பிள்ளைகளின் அப்பா, எத்தனையோ படத்தில் வேலை பார்த்தவர், அவரும் எங்களோடு கடைசிவரை காத்திருப்பார். அதைப் பார்க்க மனசு கேட்காது.

இருந்தாலும், ஒரு தெரு நிறைய துணை நடிகர்களை நிறுத்தி ஷாட்டுக்குத் தயார்படுத்த நான் கற்றது அங்கேதான். திரும்பி வந்ததும் இங்கே ஒரு நிறுவனம் சென்னை அனுபவத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் 120 வெள்ளி என்றது. இன்னொன்று அதே அனுபவத்துக்காகவே 250 தந்தது.

பாலம் தாண்டுபவன்:

ஜொகூரில் மலேசியத் தமிழ் டெலிமூவி ஒன்றில் வேலை செய்தேன். இங்கே 200 வெள்ளி வாங்கும் வேலைக்கு அங்கே 200 ரிங்கிட் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வரும் காலத்தில் அது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அங்கேயே குடியிருக்கும் நண்பர்களுக்கு அது தொடர்ந்து வரும் வேலை, அதனால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

நான் தயாரிப்புப் பக்கம் இருக்கிறேன். தம்பி தங்கைகளே, எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சுயதொழில் செய்வோரை ஒப்பந்தம் செய்வதற்கு, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலை 2018இலேயே வந்துவிட்டது. என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. பணம் வராவிட்டால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டாடெம் (TADM) அமைப்பில் சமரசம் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை போகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. ஒப்பந்தம் எதுவும் இல்லை. "நாளைக்கு 180, 12 நாள், மாதக் கடைசியில்" என்று மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சமரசத்துக்குப் போனாள். 2,160 வெள்ளியும் இரண்டு தவணையில் வந்தது.

ஈசூன் தம்பி சொன்ன அந்த 12 நாள் விஷயம் முழுக்க உண்மை. என் பட்ஜெட்டில் ஏடியின் முன்தயாரிப்பு நாட்களைத் தனி வரியாகவே போடுகிறேன். அதை வெட்டச் சொன்னால், படப்பிடிப்பில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம், இந்த வரி இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.